குடத்தைப் பற்றிய துரு

உப்பு வணிகமும் சக்கரத்தைப் பற்றிய கவலையும் தமிழகத்தில் ஒன்றாகவே வளர்ந்தவை. பள்ளமும் மேடுமான வழியில் எதற்கும் இருக்கட்டும் என்று உப்பு வணிகரான உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற வழக்கத்தை, அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் பதிவு செய்துள்ளது. அந்த அச்சு பாரத்தாலும் பள்ளத்தாலும் முறியக்கூடியதே தவிர, சுமந்த உப்பால் கெடக்கூடியதன்று. சக்கரம் முழுவதும் இரும்பான பிறகுதான் உப்பு, சரக்கு என்ற நிலையைக் கடந்து வண்டிக்கே பகையாயிற்று.

உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடிக்கு 1876இல் இருப்புப்பாதை வந்தது. 1974 ஜூலையில் அங்குள்ள புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் பெருகிய லாரிகளின் எல்லாச் சக்கரங்களிலும் இருந்தது டிரம் பிரேக். பறை போன்ற மூடிய இரும்புக் கூட்டுக்குள் இரண்டு பிறை வடிவக் கட்டைகள் விரிந்து, உட்சுவரை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் அமைப்பு இது. ஓடும் சக்கரத்தில் பூட்டிய வட்டை இருபுறமும் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் பொறியாளர் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தும், 1953இல் லெ மான் பந்தயத்தில் அது பூட்டிய ஜாகுவார் கார்கள் வென்ற பிறகே உலகம் அதை நம்பியது. உப்பளச் சாலைகளுக்கு அது இன்னும் தாமதமாக, சிறு சரக்கு வண்டிகளின் முன் சக்கரங்களில் வந்து சேர்ந்தது. 2005இல் அறிமுகமாகி மக்கள் வாயில் 'குட்டி யானை' ஆகிவிட்ட டாடா ஏஸும், பொலேரோ பிக்கப்பும் இவ்வகையின.

டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் சூடு விரைவில் ஆறும். கடற்கரையில் அந்தத் திறப்பே அதன் குறையுமாகும். கடலுப்பில் சோடியம் குளோரைடுடன் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, வறண்ட பகலிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே இரும்பின் மேல் படிந்த உப்புப் படலம் மழையில்லாத மாதங்களிலும் முழுதாகக் காய்வதில்லை. ஓடும் வண்டியில், கட்டைகள் உரசும் முகத்திலுள்ள துரு அன்றன்றே தேய்ந்து போகிறது. வட்டின் நடுத்துளை சக்கரத்தின் மையப் பகுதியின் மீது செருகி நிற்கும் இடத்தை மட்டும் எந்த உரசலும் தொடுவதில்லை. மாட்டு வண்டிக்காரர் 'குடம்' என்றும் மெக்கானிக்குகள் 'ஹப்' என்றும் சொல்லும் அப்பகுதியில், தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு கேட்கிறது. இடைவெளியோ மயிரிழை அளவு. இதனால் போல்ட் எதுவும் பிடித்திராத நிலையிலும் வட்டு குடத்தோடு வார்த்ததுபோல் நின்றுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் ஓய, வண்டிகளும் நிற்கும் வாரங்கள் இதற்கு மிகவும் தோதானவை.

இத்தகைய வட்டைக் கழற்றுவதில் வலிமையைவிட வரிசையே முக்கியம். மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியைத் தாங்கியின் மேல் இருத்திய பின், கட்டைகளைத் தாங்கும் காலிபரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் பாரம் எண்ணெய்க் குழாயில் விழுந்தால் குழாய் உள்ளுக்குள் கிழியும். வட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகாணி இருந்தால், அதை மறந்துவிட்டு அடிப்பதெல்லாம் வீண். துருவிளக்கி எண்ணெயைக் குடத்தின் விளிம்பில் ஊறவிட்டு, சக்கர ஸ்டட்டுகளுக்கு இடையே சுற்றிச்சுற்றித் தட்டினால் துருவின் பிடி விரிசல் காணும். பல வட்டுகளிலும் டிரம்களிலும் இதற்கென்றே மரையிட்ட இரு துளைகள் உண்டு. அவற்றில் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினால், அவை குடத்தின் முகத்தை உந்தி வட்டை வெளியே தள்ளிவிடும். பழுதில்லாத வட்டாயின் ஓரத்தில் ஓங்கி அடிப்பது, ஒரு வேலையை இரண்டாக்கிக் கொள்வதே. சில வண்டிகளில் வட்டு, குடத்தின் பின்புறம் போல்ட்டால் பிணைந்திருக்கும். அங்கே பேரிங்கோடு குடத்தையே இழுக்க நேர்கிறது.

புதிய வட்டைப் பூட்டும் வேலை எளிதாகத் தோன்றினும் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன. குடத்தின் முகத்தில் பழைய துருத் துணுக்கு ஒன்று எஞ்சினாலும் வட்டு சாய்ந்து உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் மிதி காலடியில் அதிரத் தொடங்கும். பழி புதிய வட்டின் மேல் விழும். எனவே கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, அம்முகத்தில் மட்டும் மெல்லிய மசகுப் பூச்சு இடுவர். உரசும் முகத்திலுள்ள காப்பு எண்ணெயையோ முற்றிலும் துடைத்து நீக்குவர். மாட்டு வண்டி அச்சில், விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை, சுழலும் குடம் இலகுவாகச் சுழல்வதற்காகப் பூசப்பட்டது. இங்கே வட்டும் குடமும் ஒன்றாகவே சுழல்வதால் இலகுவாக்க எதுவுமில்லை. கடற்காற்றின் ஈரம் நுழையும் மயிரிழை இடத்தை முன்னதாகவே நிரப்பிவிடுவது மட்டுமே அந்தப் பூச்சின் வேலை.