தீர்ப்பும் திருத்தமும்

திருப்பூர் கோவை ஜில்லாவில் சேர்ந்திருந்த காலம். கோவைப் பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஒரு கொலை வழக்கில் சிக்கினார். 1944 நவம்பரில் சென்னையில் குத்துண்டு இறந்த பத்திரிகாசிரியர் லட்சுமிகாந்தனின் வழக்குத்தான் அது. நாயுடுவோடு தியாகராஜ பாகவதர் மீதும் என். எஸ். கிருஷ்ணன் மீதும் சதிக் குற்றச்சாட்டு.

1945-ல் ஜூரி விசாரணை முடிந்தது. நாயுடு வீட்டுக்குப் போனார். மற்ற இருவருக்கும் ஆயுள் தீவாந்தரம். ஏன் இந்த வித்தியாசம்? காரணம் சொல்வது ஜூரர்களின் வழக்கமல்லவே!

ஹைக்கோர்ட்டு அப்பீலைத் தள்ளிற்று. லண்டன் பிரிவி கவுன்சிலோ அதை மறுபடி விசாரிக்கச் சொல்லிற்று. 1947-ல் இருவரும் விடுதலையானார்கள்.

பாகவதர் சிறையிலிருக்க, அவருடைய 'ஹரிதாஸ்' சென்னையில் 3 தீபாவளி கண்டது. வெளியே வந்தபின் பழைய புகழ் அவருக்குத் திரும்பவில்லை. தீர்ப்பைத் திருத்தலாம், போன மாதங்களை எந்தக் கோர்ட்டு திருப்பித் தரும்?