மூடாக்கு அளவு

மூடாக்கு என்பது ஈரம் காக்கவும் களையை அடக்கவும் செடியைச் சுற்றி மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை நார்க்கழிவு போன்ற போர்வை. தேவையான அளவு என்பது பரப்பளவைக் கனத்தால் பெருக்கிவரும் கன அளவு. ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்ப 10 லிட்டர் வேண்டும். இந்த ஒரு கணக்கு மனதில் நின்றால் போதும்.

அடிக்கணக்கில் பார்த்தால், 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாத்திக்கு 3 அங்குலக் கனம் என்பது 10 கன அடி, அதாவது ஏறத்தாழ 283 லிட்டர். ஒரு சென்ட் நிலம் முழுவதையும் இதே கனத்துக்கு மூட 3,000 லிட்டருக்கு மேல் தேவைப்படும். பலர் இரண்டு சாக்குச் சருகோடு தொடங்கிப் பாதியில் நின்றுவிடுவது இதனால்தான். கைவசம் உள்ள சாக்கு எத்தனை வாளி கொள்ளும் என்று முதலில் அளந்துகொள்வது நல்லது.

மரங்களுக்கு வட்டப்பாத்திக் கணக்கு. தென்னைக்கு 1.8 மீட்டர் ஆர வட்டத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவு இடுவது தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் முறை. அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 10.2 சதுர மீட்டர். ஆகவே மரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர். ஆரம் பாதியானால் தேவை பாதியாகாது, கால் பங்காகும். இளங்கன்றுகளுக்குக் கணக்கிடும்போது இதில்தான் தவறு நேர்கிறது. நார்க்கழிவு கிடைக்காத இடத்தில் 100 உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்கலாம், அல்லது காய்ந்த ஓலை 15 போதும்.

காய்கறிப் பாத்திக்கு 5 செ.மீ. கனமே போதுமானது. மெல்லியதாக இட்டால் வெளிச்சம் புகுந்து களை முளைக்கும். அளவு மீறினால் சிறுதூறல் மண்ணைத் தொடாமல் மூடாக்கிலேயே தங்கிவிடும், வேருக்குக் காற்றும் குறையும். எந்தப் பொருளானாலும் தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. ஈரம் தேங்கித் தூர் அழுகும். மரத்துக்கு ஒரு சாண், காய்கறிச் செடிக்கு இரண்டு விரற்கடை இடைவெளி விட வேண்டும்.

சருகும் வைக்கோலும் மழை பட்டதும் அமுங்கும்; பிறகு மட்கியும் குறையும். எனவே அவற்றைக் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகச் சேர்த்துவைக்க வேண்டும். மறுமுறை இடும்போது முழு அளவும் தேவையில்லை: 10 செ.மீ. வேண்டிய இடத்தில் 4 செ.மீ. எஞ்சியிருந்தால், 6 செ.மீ.க்கு மட்டும் கணக்கிட வேண்டும்.