பழைய, சிறிய சொகுசுக் கப்பல் நீண்ட பயணத்துக்கு ஏற்றதா? பணம் கட்டும் முன் அறிய வேண்டியவை

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் இருந்து 2024-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் புறப்பட வேண்டிய 'வில்லா வீ ஒடிசி' என்ற பயணிகள் கப்பல், அக்டோபர் தொடக்கத்தில்தான் கடலுக்குச் சென்றது. மூன்றரை ஆண்டுகளில் உலகைச் சுற்றிவரும் திட்டத்தை நம்பி, அறைகளை விலைக்கும் வாடகைக்கும் எடுத்திருந்த பயணிகள் நான்கு மாதங்கள் கரையில் காத்திருக்க நேர்ந்தது. சுக்கான் தண்டுகளிலும் கியர் பெட்டியிலும் கண்டறியப்பட்ட பழுதுகள் இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணங்களாக அமைந்தன.

அக்கப்பல் 1993-ஆம் ஆண்டு ஸ்பெயினின் வலென்சியா நகரில் கட்டப்பட்டது. அதன் மொத்த டன் அளவு 24,344. இன்றைய பெருங்கப்பல்களுடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. பணி ஓய்வுக்குப் பின் சேமிப்பைச் செலவிட்டு மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்ய விரும்புவோருக்கு முன்வைக்கப்படும் கப்பல்களில் பல, இதுபோன்று பழையவையாகவும் சிறியவையாகவும் இருக்கின்றன. அத்தகைய கப்பலைத் தேர்ந்தெடுப்பது சரியா என்பதை எவ்வாறு முடிவு செய்வது என்பது குறித்து இங்கு காண்போம்.

வயது மட்டும் அளவுகோல் அல்ல

கப்பலின் வயதை மட்டும் கொண்டு அதன் தகுதியைக் கணிக்க இயலாது. 1956-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'ஆண்ட்ரியா டோரியா' கப்பலுடன் மோதிய 'ஸ்டாக்ஹோம்', 1948-இல் பணிக்கு வந்த கப்பலாகும். பலமுறை மாற்றியமைக்கப்பட்டு, பெயர்கள் மாறி, இறுதியில் 'அஸ்டோரியா' என்ற பெயரில் அது 2020-ஆம் ஆண்டு வரை பயணிகளை ஏற்றிச் சென்றது. மாறாக, 2012-ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேரைப் பலிகொண்ட 'கோஸ்டா கான்கார்டியா' பணிக்கு வந்து ஆறு ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

வயதைவிட முக்கியமானது, கப்பல் தொடர்ந்து இயங்கி வந்துள்ளதா என்பதாகும். முன்னர் 'பிரேமர்' என்ற பெயரில் இயங்கிய ஒடிசி கப்பல், கொரோனா பெருந்தொற்றின்போது 2020-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் 2023-ஆம் ஆண்டு இறுதியில் கைமாறும் வரை அது பயணிகளை ஏற்றவில்லை. நீண்டகாலம் நிறுத்தி வைக்கப்படும் கப்பலில் குழாய்கள், வால்வுகள், அடைப்பு வளையங்கள், சுக்கான் பாகங்கள் ஆகியவை அரிப்புக்கும் இறுக்கத்துக்கும் உள்ளாகின்றன. அரங்குகளுக்கும் அறைகளுக்கும் புதிய வண்ணம் பூசுவது எளிது. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பழுதுகள், கப்பலை உலர் துறைக்குக் கொண்டுசென்று திறந்து பார்த்தால்தான் தெரியவரும்.

எனவே, கடைசியாக எப்போது உலர் துறைக்குச் சென்றது, அங்கு நடந்தவை வெறும் அலங்காரப் பணிகளா அல்லது இயந்திரப் பணிகளா, அதன்பின் பயணிகளுடன் எத்தனை பயணங்களை நிறைவு செய்துள்ளது என்ற மூன்று கேள்விகளை முதலில் எழுப்ப வேண்டும். பழுதுபார்ப்புக்குப் பிந்தைய முதல் பயணத்திலேயே நீண்ட பயணத்தை மேற்கொள்வது கூடுதல் இடர் கொண்டதாகும்.

எதற்காகக் கட்டப்பட்டது?

ஒரே அளவுள்ள இரு கப்பல்கள் முற்றிலும் வேறுபட்ட நோக்கங்களுக்காகக் கட்டப்பட்டிருக்கலாம். கிழக்கு ஜெர்மனியின் விஸ்மார் நகரில் கட்டப்பட்டு 1965-இல் பணிக்கு வந்த 'அலெக்சாண்டர் புஷ்கின்', லெனின்கிராட் நகருக்கும் கனடாவின் மாண்ட்ரியலுக்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்பதற்கானது. பனிக்கட்டியைத் தாங்கும் வகையில் அதன் உடற்பகுதி வலுப்படுத்தப்பட்டிருந்தது. பின்னர் 'மார்க்கோ போலோ' என்ற பெயர் பெற்ற அக்கப்பல், அரை நூற்றாண்டைக் கடந்தும் நெடும்பயணங்களில் ஈடுபட்டதற்கு அந்தக் கட்டுமானமே அடிப்படை.

இந்தியாவில் கார்டிலியா நிறுவனம் இயக்கிவரும் 'எம்பிரஸ்' கப்பல் இதற்கு மறுபுறமான எடுத்துக்காட்டு. பிரான்சில் கட்டப்பட்டு, 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் 1990-இல் பணிக்கு வந்த அக்கப்பல், மூன்று அல்லது நான்கு நாள் பயணங்களைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மும்பையில் இருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு எனச் செல்லும் குறும்பயணங்களுக்கு அந்த வடிவமைப்பு பொருந்தி வருகிறது. ஆனால், இவ்வகைக் கப்பல்களின் அறைகள் சிறியவை. அலமாரி இடமும் குறைவு. மூன்று இரவுகளுக்குப் பொருட்டாகத் தோன்றாத இக்குறை, நூறு இரவுகளில் பெரும் இடையூறாக மாறக்கூடும்.

கப்பலின் மொத்த டன் அளவு என்பது எடை அல்ல; அதன் உட்புறக் கொள்ளளவைக் குறிக்கும் எண்ணாகும். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்குக் கிடைக்கும் இடவசதியை ஓரளவு ஒப்பிடலாம். சுமார் 930 பயணிகளை ஏற்றிவந்த பிரேமர் கப்பலுக்கு இந்த விகிதம் ஏறத்தாழ 26. சுமார் 2,700 பயணிகளைக் கொண்ட, 1.49 லட்சம் டன் அளவுள்ள 'குயின் மேரி 2' கப்பலுக்கு அது ஏறத்தாழ 55. பயணம் நீள நீள இந்த எண்ணின் முக்கியத்துவம் கூடும்.

அலையும் ஆட்டமும்

பக்கவாட்டில் உருளும் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த, பெரும்பாலான பயணிகள் கப்பல்களில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் பொருத்தப்பட்டுள்ளன. ஆனால், முன்பகுதி எழுந்து தாழும் ஆட்டத்தை அவை தடுப்பதில்லை. அது பெரும்பாலும் கப்பலின் நீளத்தையும் அலைகளின் இடைவெளியையும் பொறுத்தது. குறைந்த நீளமுள்ள கப்பல், பெருங்கடலின் நீண்ட அலைகளில் கூடுதலாக எழுந்து தாழும்.

கப்பலின் எவ்வளவு பகுதி நீருக்குள் அமிழ்ந்துள்ளது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆழம் குறைந்த துறைமுகங்களுக்குள் செல்வதற்காகக் கட்டப்பட்ட பிரேமர் கப்பலின் அமிழ்வு ஆழம் ஐந்தரை மீட்டர் அளவிலேயே உள்ளது. அட்லாண்டிக் கடப்பதற்கெனக் கட்டப்பட்ட குயின் மேரி 2 கப்பலுக்கு அது சுமார் 10 மீட்டர் ஆகும். எனவே, பயணப் பாதையில் துறைமுகமின்றித் தொடர்ச்சியாகக் கடலில் கழிக்க வேண்டிய நாட்கள் எத்தனை, அப்பகுதியில் அது எந்தப் பருவம் என்பனவற்றைப் பார்க்க வேண்டும். சிறிய கப்பலைத் தேர்ந்தெடுப்போர், நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையைப் பெறுவது நல்லது. அங்கு ஆட்டம் குறைவாக உணரப்படும்.

மின்சாரம் நின்றால் என்னவாகும்?

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று, மடகாஸ்கரில் இருந்து செஷல்ஸ் நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'கோஸ்டா அலெக்ரா' கப்பலின் ஜெனரேட்டர் அறையில் தீ மூண்டது. தீ அணைக்கப்பட்டது, எவரும் உயிரிழக்கவில்லை. ஆனால், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் அக்கப்பல் இந்தியப் பெருங்கடலில் மின்சாரமின்றி மிதந்தது. விளக்கு, குளிர்சாதனம், கழிப்பறை, சமையலறை ஆகியவை செயலிழந்த நிலையில், ஹெலிகாப்டர்கள் மூலம் உணவு கொண்டு வரப்பட்டது. பிரெஞ்சு மீன்பிடிக் கப்பல் ஒன்று அதனை இழுத்துச் செல்ல, மார்ச் 1 அன்று மாஹே தீவை அடைந்தது. 1969-இல் சரக்குப் பெட்டகக் கப்பலாகக் கட்டப்பட்டு, 1992-இல் பயணிகள் கப்பலாக மாற்றப்பட்ட அலெக்ரா மீண்டும் பணிக்குத் திரும்பவில்லை.

ஒரு பகுதியில் தீவிபத்தோ நீர்ப்புகுதலோ ஏற்பட்டாலும், கப்பல் தன் சொந்த ஆற்றலால் துறைமுகம் திரும்பும் வகையில் இயந்திர அமைப்புகள் இருக்க வேண்டும் என்ற பன்னாட்டு விதி, 2010-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ கட்டுமானம் தொடங்கிய, 120 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள பயணிகள் கப்பல்களுக்குப் பொருந்தும். அதற்கு முந்தைய கப்பல்களை இது கட்டுப்படுத்தாது. எனவே, பழைய கப்பலில் பெருங்கடலின் நடுவே பயணம் செய்பவர், இந்தக் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு அதில் இல்லாதிருக்கலாம் என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். எனினும், பயன்பாட்டில் உள்ள எல்லாக் கப்பல்களும் தீத்தடுப்பு விதிகளைப் பின்பற்றியாக வேண்டும். எளிதில் தீப்பற்றும் உட்கட்டுமானப் பொருட்களுக்கு எதிரான விதி 2010-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்ததை அடுத்து, பழைய கப்பல்கள் பல ஓய்வு பெற்றன.

சிறிய கப்பலின் நன்மைகள்

சிறிய கப்பலுக்குத் திறக்கும் வழிகள் பல உண்டு. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில், 22.5 மீட்டர் அகலமுள்ள பிரேமர் கப்பல், சுமார் 24 மீட்டர் அகலமே கொண்ட கிரேக்கத்தின் கொரிந்த் கால்வாயைக் கடந்தது. அந்தக் கால்வாயைக் கடந்த மிக நீளமான கப்பல் அதுவே. அண்டார்க்டிகாவில், 500-க்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் அவர்களைக் கரையிறக்க இயலாது. ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேருக்கு மேல் இறங்கவும் முடியாது. அங்கு சிறிய கப்பலே பொருத்தமானது.

எனினும், 'சிறியது' என்ற விளம்பரச் சொல்லை மட்டும் நம்புதல் கூடாது. வெனிஸ் நகரின் கியுடெக்கா கால்வாயில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், 180 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல்களும் தடை செய்யப்பட்டுள்ளன. டன் அளவில் இந்த வரம்புக்குள் அடங்கும் பிரேமர், 195 மீட்டர் நீளத்தால் அதைத் தாண்டிவிடுகிறது. பயணத் திட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ள ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, அல்லது நடுக்கடலில் நங்கூரமிட்டுப் படகில் இறங்க வேண்டியிருக்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு, ஆடும் படகில் ஏறி இறங்குவதும், பழைய கப்பல்களில் காணப்படும் உயரமான வாயிற்படிகளைத் தாண்டுவதும் அன்றாடச் சோதனையாகும்.

எவரும் பார்க்கக்கூடிய பதிவுகள்

ஒவ்வொரு பயணிகள் கப்பலுக்கும் ஐ.எம்.ஓ. எனப்படும் ஏழு இலக்க அடையாள எண் உண்டு. உரிமையாளரும் பெயரும் கொடி நாடும் மாறினாலும் இந்த எண் மாறாது. 'ஈக்வாசிஸ்' என்ற இணையத் தரவுத்தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்து, இந்த எண்ணைக் கொண்டு கப்பலின் முந்தைய பெயர்கள், வகைப்பாட்டு நிறுவனம், துறைமுகங்களில் நடந்த ஆய்வுகள், கப்பல் தடுத்து வைக்கப்பட்ட நிகழ்வுகள் ஆகியவற்றை அறியலாம். ஒரே வகைக் குறைபாடு திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தால், அது பராமரிப்பில் உள்ள தொய்வைக் காட்டும்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்களின் சுகாதாரத்தை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் ஆய்வு செய்து, 100-க்கு மதிப்பெண் வழங்குகிறது. 85 அல்லது அதற்குக் குறைவாகப் பெறும் கப்பல் தேர்ச்சி பெறாததாகக் கருதப்படும். இந்த அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன. மேற்குறிப்பிட்ட எம்பிரஸ் கப்பல் 2016-இல் அமெரிக்கச் சேவைக்குத் திரும்பியபோது, சமையலறையை அந்நாட்டு விதிகளுக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்ததால் அதன் பயணங்கள் சில ரத்து செய்யப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

நிறுவனம் நிலைக்குமா?

கப்பல் நன்றாக இருந்தும் பயணம் நடைபெறாமல் போகலாம். மார்க்கோ போலோ, அஸ்டோரியா உள்ளிட்ட பழைய கப்பல்களை இயக்கிவந்த பிரிட்டனின் 'குரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ்' நிறுவனம் 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வீழ்ந்தது. மூன்றாண்டு உலகப் பயணம் ஒன்றை அறிவித்த 'லைஃப் அட் ஸீ' நிறுவனம், அதற்கான கப்பலை வாங்க முடியாமல் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் பயணத்தை ரத்து செய்தது. வீட்டை விற்றும் வாடகைக்கு விட்டும் தயாராகியிருந்தவர்கள் இதனால் பாதிக்கப்பட்டனர். கப்பல் இப்போது நிறுவனத்தின் கைவசம் உள்ளதா, செலுத்தும் தொகை தனிக் கணக்கில் பாதுகாக்கப்படுகிறதா, பயணம் ரத்தானால் எத்தனை நாட்களில் பணம் திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுத்துப்பூர்வமாகப் பெற வேண்டும்.

மருத்துவமும் விசாவும்

பெருங்கடலின் நடுப்பகுதிகள் ஹெலிகாப்டர் எட்டாத தொலைவில் உள்ளவை. கப்பல் மருத்துவமனை அவசர நிலையைச் சமாளிக்குமே தவிர, நாட்பட்ட நோய்களுக்கான முழுச் சிகிச்சையை வழங்காது. ஆகவே, அவசரமாக வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் பயண ரத்தையும் உள்ளடக்கிய காப்பீடு இன்றியமையாதது. வயது வரம்பும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விலக்கும் காப்பீட்டு ஆவணத்தில் எவ்வாறு குறிப்பிடப்பட்டுள்ளன என்பதைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர், ஒரே நாட்டுக்குள்ளோ ஷெங்கன் பகுதிக்குள்ளோ கப்பல் மீண்டும் நுழையுமானால், பலமுறை நுழைவதற்கான விசா பெற வேண்டியிருக்கும். பழுது காரணமாகப் புறப்பாடு தள்ளிப்போனால், விசாவின் காலமும் முடிந்துவிடக்கூடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முடிவு எவ்வாறு?

கட்டப்பட்ட நோக்கம் பயணப் பாதைக்குப் பொருந்தி, பராமரிப்புப் பதிவுகள் சீராக இருந்து, அண்மைக்காலத்தில் இடையறாது இயங்கியும் வரும் பழைய சிறிய கப்பல், நீண்ட பயணத்துக்கு ஏற்றதே. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், அதே நிறுவனத்தின் அதே கப்பலில் ஒரு வாரப் பயணம் செய்து பார்த்தபின் முடிவெடுப்பதே அறிவுடைமை. அறையின் அளவு, ஆட்டம், குழாயில் வரும் நீர், இரவில் கேட்கும் இயந்திர ஒலி ஆகியவற்றை அந்த ஏழு நாட்களே சொல்லிவிடும்.

பழைய கப்பல்கள் பலவற்றின் இறுதி நிறுத்தம் குஜராத்தின் அலங் கடற்கரையாகும். 1990-இல் பணிக்கு வந்து, 2019-இல் மும்பையில் இருந்து இயங்கத் தொடங்கிய 'கர்ணிகா' கப்பல், அடுத்த ஆண்டே உடைப்பதற்காக அங்கு கொண்டு செல்லப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடலில் உழைத்த மார்க்கோ போலோவும் 2021-இல் அங்கேயே வந்து சேர்ந்தது. முன்னதைவிட இருபத்தைந்து ஆண்டுகள் மூத்த கப்பல், அதே 2020 வரை பயணிகளைச் சுமந்தது. கட்டப்பட்ட ஆண்டை மட்டும் பார்த்து ஒரு கப்பலை ஏற்பதும் தள்ளுவதும் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.