மன்னாரின் மறைசாட்சிகளும் நல்லூரின் மன்னனும்: யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரு பகுதியை மீள வாசித்தல்

1544இல் மன்னார்த் தீவில் திருமுழுக்குப் பெற்ற மக்களை யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி கொன்றதை ஓர் அரசியல் நடவடிக்கையாக மட்டுமே கொள்ளும் போக்கு நம் வரலாற்றெழுத்தில் நெடுங்காலமாக ஊன்றி நிற்கிறது. அப்போக்கின் வாதம் இது: முத்துக்குளித்துறையின் பரதவர் 1530களில் மதம் மாறியபோது கூடவே போர்த்துக்கேயரின் குடிகளாகவும் ஆயினர், அதே நிலை மன்னாருக்கும் வந்தால் கடல் வருமானமும் இறைமையும் கைவிட்டுப் போகும் எனக் கண்ட அரசன் அதை முளையிலேயே கிள்ளினான், அதனை மதத்தின் பேரால் நடந்த கொலை என்பது பாதிரிமார் கட்டிய கதை. இவ்வாதத்தின் முற்பகுதியை நான் மறுக்கவில்லை. இறுதிக் கூற்று பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதைப் பிழையென்று காட்டும் சான்றைத் தேடிக் கோவாவுக்கோ லிஸ்பனுக்கோ போக வேண்டியதில்லை. யாழ்ப்பாண அரசின் பெருமையைப் பேசுவோர் எல்லோரும் துணைக்கழைக்கும் யாழ்ப்பாண வைபவமாலையிலேயே அது கிடக்கிறது.

வழக்கு வெறும் ஏட்டு வழக்கன்று. நல்லூர் முத்திரைச் சந்தியில் 1974இல் நிறுவப்பட்டு 2011இல் புதிதாக்கித் திறக்கப்பட்ட சங்கிலியன் சிலை குதிரைமேல் வாளேந்தி நிற்கிறது. மன்னார்த் தீவின் தோட்டவெளியில், சங்கிலியின் ஆணையால் மாண்டோரை மறைசாட்சிகளாகப் போற்றும் ஆலயம் இருக்கிறது. ஒரு பெயர் ஓரிடத்தில் மரபுரிமை, மற்றோரிடத்தில் கொலைஞனின் பெயர். இரண்டிடத்திலும் பேசப்படுவது தமிழ்தான்.

இத்தகைய முரண் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடியை 1962இல் சட்டமன்றத் தீர்மானம் மூலம் தன் தலைமைச் செயலகக் குவிமாடத்தில் நிலைநிறுத்தியது. முன்னோரின் வீரத்துக்கு அது மரியாதை என்றனர் ஒரு சாரார். அடிமைமுறையைக் காக்க நடந்த போரின் கொடி அது என்றனர் மறு சாரார். 2015 ஜூன் மாதம் சார்ள்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், ஜூலை 10ஆம் திகதி செயலக வளாகத்திலிருந்தே அக்கொடி இறக்கப்பட்டது. அந்த நீண்ட விவாதத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய முறையியல் ஒன்றுண்டு: ஒரு சின்னத்தின் பொருளை அது குறிக்கும் காலத்தில் மட்டும் தேடாமல், அது நாட்டப்பட்ட காலத்திலும் தேட வேண்டும், யாருக்கு எதிரே நாட்டப்பட்டது என்றும் கேட்க வேண்டும். 1962 என்பது கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் கொதித்த காலம். கொடி அவர்களின் முகத்துக்கு நேரே ஏற்றப்பட்டது. 1974 என்பது 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு பௌத்தத்துக்கு முதலிடம் வழங்கி இரண்டாண்டே கழிந்திருந்த காலம். அவ்வாண்டு ஜனவரியில்தான் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாடு உயிரிழப்புகளோடு முடிந்தது. நல்லூர்ச் சிலை கொழும்பை நோக்கி எழுந்தது. மன்னாரை நோக்கி எழவில்லை. இந்த வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மன்னாரைப் புண்படுத்தும் எண்ணம் இருக்கவில்லை என்பதும், மன்னாரின் நினைவே இருக்கவில்லை என்பதும் வேறு வேறு. நமக்குப் பொருந்துவது இரண்டாவது.

இனி நூலுக்கு வருவோம். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த ஆட்சியின்போது, அவ்வரசின் அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, ஏறத்தாழ 1736இல் இதை இயற்றினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. சங்கிலி அரசுரிமையைப் பற்றிய விதம் முதலில் சொல்லப்படுகிறது: பட்டத்துக்குரியோர் இருக்க, நஞ்சாலும் கத்தியாலும் வழி திறக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து மன்னார் நிகழ்ச்சி வருகிறது. பறங்கிப் பாதிரியார் ஒருவர் அங்குள்ளோரைத் தம் சமயத்தில் சேர்த்தார். செய்தி அறிந்த சங்கிலி அறுநூறு பேரைக் கொல்வித்தான். அதற்கடுத்து, அதே சினம் பௌத்தர்மேல் திரும்பியதையும், நாட்டிலிருந்த சிங்களவர் துரத்தப்பட்டு அவர்களுடைய வழிபாட்டிடங்கள் அழிக்கப்பட்டதையும் நூல் கூறுகிறது. பிறகு காக்கைவன்னியனின் துரோகமும் பறங்கியர் வெற்றியும் வருகின்றன. இறுதியில் பறங்கியர் சைவக் கோயில்களை இடித்த கொடுமை விரித்துரைக்கப்படுகிறது.

இந்த வரிசையைத்தான் ஆய்வாளர் கவனிக்கத் தவறினர் என்பது என் கருத்து. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே பிடுங்கி எடுத்து, உண்மையா பொய்யா என்று உரசிப் பார்த்தனர். புலவர் அவற்றை ஒரே சரட்டில் கோத்திருக்கிறார். மன்னார்க் கிறித்தவர் கொலை, பௌத்தர் விரட்டு, சைவக் கோயில் இடிப்பு ஆகிய மூன்றும் அவர் பார்வையில் ஒரே இனத்துக் குற்றங்கள்: ஆளுவோன் தன் குடிகளின் வழிபாட்டின்மேல் கைவைத்தான். முதலிரண்டைச் செய்தவன் தமிழரசன், மூன்றாவதைச் செய்தவன் அந்நியன் என்பதற்காக அவர் தராசை மாற்றிப் பிடிக்கவில்லை. மன்னார்க் கொலைக்கு அவர் காட்டும் காரணமும் மதமாற்றமே. முத்து வருமானத்தையோ இராசத் துரோகத்தையோ அங்கே காண நவீன ஆய்வாளரின் உதவி வேண்டும். சைவ மரபில் ஊறிய ஒரு தமிழ்ப் புலவர், மன்னாரில் மாண்ட அறுநூறு பேரையும் நல்லூரில் இடிபட்ட கோயிலையும் ஒரே அறக் கணக்கில் எழுதி வைத்தார். நான் முன்வைக்கும் கண்டுபிடிப்பு இவ்வளவே.

இங்கே எச்சரிக்கை தேவை. 1736ஆம் ஆண்டளவில் எழுந்த நூல் 1544ஆம் ஆண்டு நிகழ்வுக்கு நேரடிச் சாட்சி ஆகாது. நிகழ்வுக்குச் சான்று வேண்டுவோர் பிரான்சிஸ் சவேரியார் 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் கேள்விப்பட்டு எழுதியதே. வைபவமாலையை நான் அழைப்பது வேறொன்றுக்கு: தேசியம் என்ற சொல்லாடல் தோன்றுமுன், யாழ்ப்பாணத் தமிழ்க் கற்றோர் அந்நிகழ்வை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு. அந்த நினைவில் மன்னாரின் மாண்டோர் எதிரிகளாக இல்லை.

ஒல்லாந்தரை மகிழ்விக்க எழுதிய நூல், ஆகவே கிறித்தவருக்குச் சார்பாகத்தான் பேசும் என்று ஒரு மறுப்பு உண்டு. மேலோட்டமாக வலுவுடையது போலத் தோன்றும் இம்மறுப்பு ஆராய்ந்தால் தலைகீழாகிறது. ஒல்லாந்தர் கல்வீனிய மரபினர். 1658இல் யாழ்ப்பாணம் அவர்கள் கைக்கு வந்தபின் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். வழிபாடு மறைவிடங்களுக்குப் போயிற்று. மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சுருவத்தை எடுத்துக்கொண்டு மக்கள் 1670இல் மடுக் காட்டுக்குள் சென்றனர் என்ற மரபும் அந்த ஒடுக்குமுறையின் பிள்ளைதான். கத்தோலிக்கரின் இரத்தசாட்சிகளை நினைவூட்டி ஒல்லாந்த அதிகாரியின் மனத்தைக் குளிர்விக்க எந்தப் புலவரும் நினைத்திருக்க முடியாது. பழைய அரசனைக் கொடியவனாக்கினால் புதிய ஆட்சி நியாயமாகத் தோன்றும் என்ற அளவில் மறுப்பில் உண்மை உண்டு என்பதை ஏற்கிறேன். அதற்குச் சகோதரக் கொலைகளே போதுமானவை. மன்னாருக்குப் போக வேண்டியதில்லை.

மன்னார்க் கதை போர்த்துக்கேயர் படையெடுப்புக்காகப் புனைந்தது என்பதற்கோ இன்னும் குறைந்த அவகாசமே கொடுக்கலாம். 1545இல் சங்கிலிக்கு எதிராகத் திட்டமிடப்பட்ட தண்டனைப் படையெடுப்பை அவர்களே கைவிட்டனர். பெகுவிலிருந்து வந்த கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி அதன் சரக்கு அரசன் கையில் சிக்கியதால், சரக்கை மீட்கும் பேச்சே மேலோங்கியது. நாகப்பட்டினத்தில் காத்திருந்த சவேரியார் ஏமாற்றத்தோடு திரும்பினார். மன்னாரின் பிணங்களைவிடக் கப்பற் சரக்கை மதித்தவர்கள், அப்பிணங்களைக் கற்பனையில் படைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். இதுவரை எவரும் தரவில்லை.

கனமான மறுப்பு வேறொன்று. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில், வைபவமாலை இரு சங்கிலிகளை ஒருவராக்கிவிட்டது என்று நிறுவினார். 1519 முதல் 1561 வரை ஆண்டதாகக் கொள்ளப்படும் முதலாம் சங்கிலி மன்னாரில் கொன்றவன். 1619இல் பறங்கியரிடம் அரசை இழந்தவன் சங்கிலி குமாரன். இடையே அரை நூற்றாண்டுக்கும் மேல். காலக்கணக்கில் இத்தனை குழம்பிய நூலின் மன்னார்ச் செய்தியை மட்டும் நம்பலாமா என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் அதே கத்தி மறுபக்கமும் வெட்டும். நல்லூரில் குதிரையேறி நிற்கும் 'சங்கிலியன்' எங்கிருந்து வந்தான்? பறங்கியரை எதிர்த்து நின்று, துரோகியால் காட்டிக்கொடுக்கப்பட்டு வீழ்ந்த ஒரே மன்னன் என்ற உருவம் அந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். காக்கைவன்னியன் பெயர் துரோகத்துக்கு மறுபெயராக மக்கள் வாயில் நிலைத்தது. காட்டிக்கொடுத்தவன் தாழத் தாழ, காட்டிக்கொடுக்கப்பட்டவன் உயர்ந்தான். புலவர் வெறுத்த அரசனை மக்கள் நினைவு இவ்வழியாகவே நாயகனாக்கியது என்று ஊகிக்க இடமுண்டு. பெருமை பேசும்போது இரு சங்கிலியும் ஒருவன்; மன்னாரைக் கேட்டால் மட்டும், அவன் வேறு இவன் வேறு என்பது ஆய்வு முறையாகாது.

இந்நினைவைக் கிளறுவது தமிழர் ஒற்றுமையைக் குலைக்கும் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. மறைசாட்சிகளின் வழிவந்த மன்னார்த் திருச்சபையின் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகைதான், 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னிலையில், வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அரச புள்ளிவிபரங்களையே வைத்துக் கேட்டார். 1544ஐ மறவாதிருந்தது அம்மக்களைத் தமிழரின் துயரிலிருந்து பிரிக்கவில்லை.

ஆனால் நான் சொல்லும் வாசிப்பு தோட்டவெளிக்கும் ஒரு கடனை வைக்கிறது. வைபவமாலையின் மன்னார்ப் பகுதியைச் சான்றாக ஏற்போர், அதே நூலின் கோயில் இடிப்புப் பகுதியையும் ஏற்றாக வேண்டும். திருக்கேதீச்சரத்தின் கற்கள் 1560ஐ அடுத்து எழுந்த மன்னார்க் கோட்டைக்குள் போயின என்ற சைவரின் நினைவு, மறைசாட்சிகளின் நினைவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. 2019 மார்ச் 3ஆம் திகதி, சிவராத்திரிக்கு முதல் நாள், மாந்தை லூர்து அன்னை ஆலயத்தின் அருகே திருக்கேதீச்சர வீதியில் நின்ற வளைவு பிடுங்கப்பட்டது. அன்றைய சச்சரவு நிலத்தையும் வீதி உரிமையையும் பற்றியது என்று முடித்துவிடுவோர் உண்டு. அப்படியானால் ஒரு தகர வளைவுக்காக இத்தனை பேர் இத்தனை ஆத்திரத்தோடு கூட வேண்டிய தேவை என்ன? அங்கே மோதியவை இரண்டு காயங்கள். இரண்டும் புலவரின் ஒரே நூலில் அடுத்தடுத்து எழுதப்பட்டவை.

சிலையை அகற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது எவருடைய சிலை என்று சொல்லும்படி கேட்கிறேன். 1619இன் சங்கிலி குமாரன் என்றால், அவ்வாறே பொறிக்கலாம். மன்னாரின் இரத்தம் அவன் கையில் இல்லை. 1623இல் கோவாவில் கொல்லப்படுமுன் அவன் திருமுழுக்குப் பெற்றான் என்று போர்த்துக்கேயத் துறவியரின் குறிப்புகள் கூறுகின்றன. சிறையில் கைதி பெற்ற திருமுழுக்கு எவ்வளவு விருப்பத்தோடு நடந்தது என்பது தனியே ஆராயத்தக்கது. 1544இன் சங்கிலி என்றால், பொறிப்பில் மன்னாரின் அறுநூறு பேருக்கும் ஒரு வரி வேண்டும். வைபவமாலை அந்த வரியை விட்டுவிடவில்லை.