பில்ட் நம்பரை ஏழு முறை தட்டு

2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி தொடங்கியது. கம்பெனி பேருந்துகளில் பெண்கள் ஷிப்டுக்குப் போய்வந்தார்கள், போன்கள் வெளிநாடுகளுக்குப் போயின. ஆனால் அந்தப் போனுக்குச் செயலி எழுதக் காட்டாங்கொளத்தூரிலோ சிறுசேரியிலோ ஒருவர் கணினியைத் தயார்செய்ய உட்கார்ந்தால், அது தனிப் பாடு.

அப்போது சிம்பியன் என்றால் விண்டோஸ் கணினிதான் வேண்டியிருந்தது. சாதாரண போனுக்கு ஜாவா எம்இ, அதற்கு சன் நிறுவனத்தின் வயர்லெஸ் டூல்கிட். சிடிஎம்ஏ போன் என்றால் குவால்காமின் ப்ரூ. சிம்பியனுக்கோ ப்ரூவுக்கோ எழுதியது மற்றவற்றில் ஓடாது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்குத் தந்த ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ செயலி முதலில் ப்ரூவில்தான் வந்தது. அலையின் உயரம், மீன் கிடைக்கக்கூடிய இடம் எல்லாம் போனிலேயே தெரியும். கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் படகு தள்ளுகிறவருக்கு அலையின் உயரம் உயிர்ப் பிரச்சினை. ஆண்ட்ராய்டு பெருகியதும் அதற்கென்று இந்தச் செயலியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

ஆண்ட்ராய்டு 1.0 எஸ்டிகே 2008 செப்டம்பரில் வந்தது. ஜேடிகே, எக்லிப்ஸ், அதன்மேல் ஏடிடி பிளக்-இன் என்று அப்போது வரிசையாக ஏற்ற வேண்டியிருந்தது. பாத் அமைப்பில் ஓர் எழுத்து பிசகினால் ஒன்றும் நகராது. இன்டெல் கணினிக்குள் ஏஆர்எம் சிப்பைப் பாவனை செய்த எமுலேட்டரோ திறப்பதற்குள் டீ ஆறிவிடும். பிறகு இன்டெல்லின் ஹாக்ஸ்எம் வேகம் தந்தது. அதற்கும் பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை நின்றது. அடுத்த மாதம், ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ 1.0 வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, தேதிகள்தான் அடுத்தடுத்து விழுந்தன. 2016இல் வந்த ஸ்டூடியோ 2.2 பதிப்பிலிருந்து ஜேடிகேயும் அதற்குள்ளேயே அடங்கியது. ஐபோனுக்கு மட்டும் எக்ஸ்கோடு வேண்டும், அது மேக்கில்தான் ஓடும். கைச்செலவுக்குக் கணக்குப் பார்க்கும் மாணவர் ஆண்ட்ராய்டில் தொடங்குவதில் வியப்பில்லை.

ரேம் குறைந்த லேப்டாப்பில் எமுலேட்டரை விட்டுவிட்டு, கையிலிருக்கும் போனிலேயே சோதிப்பதுதான் உத்தமம். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, திரையில் வரும் அனுமதிக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். அப்போதும் கணினி போனைக் காணவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். சில மலிவு கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும்.