சவாரித்தம்பர் மீது யார் வழக்குப் போடுவது?

யாழ்ப்பாணத்தவர் வழக்குக்குப் பேர்போனவர்கள். வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்தது என்று தகப்பன் காலத்தில் தொடங்கிய பிணக்கு மகன் காலத்தில் மேன்முறையீட்டில் போய் நின்ற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. இப்படிப்பட்ட சமூகத்தில் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நகைச்சுவைச் சஞ்சிகை ஒன்றை நடத்தினார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பே.

அவர் கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம். 'சுந்தர்' என்ற பெயரில் கேலிச்சித்திரம் வரைந்தவர். பம்பாயில் பயின்று திரும்பி, தினகரனில் சித்திரங்கள் வரைந்து, 1963இல் கொழும்பில் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கினார். பின்னர் இதழ் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. 1996இல் அவர் மறைந்தார்.

சுந்தர் எப்படித் தப்பினார்? அவருடைய பாத்திரங்களைப் பாருங்கள். சவாரித்தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான், ஆங்கில மோகத்தில் தமிழை மறந்த மிஸிஸ் டாமோடிரன். இவர்களில் ஒருவருக்கும் விலாசம் கிடையாது. வாசித்தவர்கள் எல்லோரும் அடுத்த வீட்டுக்காரனைத்தான் சொல்கிறார் என்று சிரித்தார்கள். அடுத்த வீட்டுக்காரனும் அப்படியே சிரித்தான். சவாரித்தம்பர் நான்தான் என்று நீதிமன்றத்தில் எழுந்து நிற்க எந்த யாழ்ப்பாணத்தான் முன்வருவான்? வழக்கில் வென்றாலும் தோற்றாலும் அந்தப் பட்டம் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

வானொலியும் இதே வழியில்தான் போனது. இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதியைக் கட்டியெழுப்பிய 'சானா' சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' குடாநாட்டு வீடுகளில் எத்தனை பேரை வானொலிப் பெட்டியின் முன் உட்கார வைத்தது என்பதை முதியவர்கள் அறிவார்கள். கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' ஒரு பஸ் கொண்டக்டரை மட்டுமே வைத்து ஊர் முழுவதையும் காட்டியது. அவர் 2014இல் கனடாவில் காலமாகும்வரை தமிழர் இருந்த இடமெல்லாம் அந்தத் தனிநடிப்பைக் கேட்டார்கள். ஆனால் பஸ் கொண்டக்டரைப் பார்த்துச் சிரித்த வானொலி அமைச்சரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அது அரசின் வானொலி. அங்கே வழக்குக்கு முன்னரே மேலதிகாரி இருந்தார்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் அவதூறு குற்றவியல் குற்றமாக இருந்த நிலை 2002இல் நீக்கப்பட்டது. ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பும் வழி அதனோடு போயிற்று என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழான குடியியல் வழக்கு அப்படியே இருந்தது. அதன்படி, எழுதியது உண்மை என்று நிறுவினால் மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். செய்திக்கு அது முடியும். பகிடிக்கு எப்படிக் காட்டுவது? ஒருவரின் தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்ததில் பொதுநலன் இருக்கிறது என்று எந்தச் சட்டத்தரணியும் வாதாட விரும்பமாட்டார்.

நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில் (பெயர் வேண்டாம்) வாரநையாண்டிப் பத்தி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒரு பிரமுகரின் சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தது. வழக்குத் தாக்கலாகவேயில்லை. கேட்ட தொகை மட்டும் எங்கள் அச்சு இயந்திரத்தின் விலையைவிடப் பெரியது. அடுத்த வாரம் அந்த இடத்தில் சமையல் குறிப்பு வந்தது. தீர்ப்பு எழுதும் சிரமம் எந்த நீதிபதிக்கும் ஏற்படவில்லை.

இதை எழுதும்போதே ஒரு கூச்சமும் இருக்கிறது. 1981இல் ஈழநாடு அலுவலகம் எரிக்கப்பட்ட ஊர், 2000 ஒக்டோபரில் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்ட ஊர், 2006 மே மாதத்தில் உதயன் அலுவலகத்துக்குள் துப்பாக்கிகள் நுழைந்த ஊர் எங்களுடையது. அந்தக் காலங்களில் நோட்டீஸ் அனுப்புகிறவன் நாகரிகமானவனாகவே தோன்றினான். எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளுக்கும் அஞ்சி, சிரிப்பைத் தானாகவே குறைத்துக்கொண்ட ஆண்டுகள் அவை.

தமிழ்நாட்டிலும் நிலைமை வேறில்லை. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று அடையாளம் சொல்லும் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக, 1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாள்களில் விடுவித்தார்கள். அவர் விடாமல் நீதிமன்றம் போனார். 1994இல் அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது. ஏழாண்டு காத்திருக்க அவருக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சிற்றிதழ்காரருக்கு என்ன இருந்தது?

அண்மைய சம்பவம் கொழும்பில் நடந்தது. 2023 மே மாதம் மேடை நகைச்சுவையாளர் நட்டாஷா எதிரிசூரிய விமான நிலையத்தில் கைதானார். மதத்தை இழிவுபடுத்தினார் என்று குற்றச்சாட்டு. சுமத்தப்பட்டது 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், மனித உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரைத் தாங்கிய சட்டம். அதன் கீழ் நீதவானால் பிணை வழங்க முடியாது, மேல் நீதிமன்றமே வழங்கலாம். அதனால் ஜூலை வரை அவர் விளக்கமறியலில் இருந்தார். அவருடைய காணொளியை வெளியிட்டவரும் கைதானார். காணொளி அகற்றப்பட்டது. 2024 தொடக்கத்தில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் யூடியூப் அலைவரிசை நடத்தும் இளைஞர் ஒருவரிடம் அரசியல்வாதிகளை வைத்து ஏன் பகிடி செய்வதில்லை என்று கேட்டேன். "ஐயா, மாமி மருமகள் சண்டை போட்டால் பார்க்கிற ஆட்களும் கூட, பிரச்சினையும் இல்லை" என்றார். சுந்தரின் இதழ்களைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாராம்.