ஏட்டில் ஏறிய எழுத்து

மாத்தளை அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாய் வந்த பௌத்த மறைகள் ஏட்டில் ஏறின என்பது மரபு. எழுதியது அழியாதென அன்றையோர் நம்பினர். இன்று எழுதியதையே காக்கவேண்டியவராய் இருக்கிறோம் நாம்.

பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா'வும் பொருளற்ற ஆங்கிலக் கூட்டமாகும். 1991இல் வெளிவந்த யூனிகோட் தமிழுக்குத் தனியிடம் தந்தது. ஆயினும், பாமினியில் கொம்பு முன்னும் மெய் பின்னும் நிற்கும். யூனிகோடிலோ மெய்யே முந்தும். இம்முறையறியாது மாற்றினால் 'கொடி'யின் கொம்பு கழன்று புள்ளிவட்டத்தில் தொங்கும்.

மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து மாத்தளை சேர்ந்த தோட்டத்தொழிலாளரின் கதையில் எழுதப்படாததே மிகுதி. எழுதிய சிறிதும் சிதையலாமா? கருவி மாற்றித் தரும். மூலத்தோடு ஒப்புநோக்கும் கண் நம்முடையதே. பழைய கோப்புகளைத் திறப்போம். மாணவரோடு அமர்ந்து வரிவரியாய்ப் படிப்போம்.